பேருந்து வரும் வாசலுக்குக் கல்லூரியும் வரட்டும்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு வட்டாரத் தோட்டங்களையும் அவற்றை ஒட்டிய தாமான்களையும் விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுவது தொழிற்சாலைப் பேருந்துதான். முன்பு பெரட்டு எனும் காலை ஆள்கணக்குக்குத் தொம் அடித்த நேரத்தில் இன்று பேருந்தின் ஒலிப்பான் கேட்கிறது. செனவாங், நீலாய் தொழிற்பேட்டைகளுக்கு ஆள் வேண்டும் என்றால் வண்டி வாசலுக்கே வருகிறது. அதே வாசலிலிருந்து மின்கம்பி இணைப்போ, குளிர்சாதனப் பழுதுபார்ப்போ, ரொட்டித் தொழிலோ கற்றுக்கொள்ளக் கிளம்பும் பிள்ளைக்கு அப்படி ஒரு வண்டி இல்லை. இந்த மாநிலத்தில் சமூகக் கல்லூரிகள் உண்டு, கட்டணம் குறைவு, கதவும் திறந்தே இருக்கிறது. ஆனாலும் அந்தக் கதவுக்கும் தோட்டத்து வாசலுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சமூகக் கல்லூரி தன் சான்றிதழ் வகுப்புகளில் ஒரு பகுதியைத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் மாலையிலும் வார இறுதியிலும் நடத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இது சலுகை கேட்கும் பேச்சாகத் தோன்றலாம். சமூகக் கல்லூரி என்ற அமைப்பு எப்படிப் பிறந்தது என்று பார்த்தால், அதன் இயல்பே இதுதான் என்பது விளங்கும்.

கல்வி தோட்டத்து வாசலுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. நெகிரி செம்பிலானும் உள்ளடங்கிய அன்றைய கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் ஒரே இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே பள்ளி ஒன்றை நடத்துவது நிர்வாகத்தின் கடமை என்றது. அந்தச் சட்டத்தை இயற்றியவர்களின் நோக்கம் தமிழ்ப் பிள்ளைகளை மேதைகளாக்குவது அல்ல. இந்தியாவிலிருந்து ஆள் வரத்து தடைபடாமல் இருக்க வேண்டும். வந்த குடும்பம் தோட்டத்திலேயே நிலைத்திருக்க வேண்டும். எனவே பள்ளிகளும் அந்த நோக்கத்துக்கு ஏற்றபடிதான் இருந்தன. ஆயக்கொட்டகையின் ஒரு மூலையே வகுப்பறையான இடங்கள் உண்டு; கங்காணியும் கிராணியும் ஓய்ந்த நேரத்தில் வாத்தியாரான இடங்கள் உண்டு. இவ்வளவு குறைகளுக்கு நடுவிலும் அந்தச் சட்டத்தில் ஒரு தெளிவு இருந்தது. எத்தனை பேர் இருந்தால் பள்ளி வரும் என்பதற்கு ஓர் எண் இருந்தது. வர வேண்டியது யாருடைய பொறுப்பு என்பதும் எழுத்தில் இருந்தது. இன்று இந்த மாநிலத்தில் இருக்கும் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பொறுப்பே மூலம். லின்சம், கொம்போக், சுவா பெத்தோங், பிராட்வால், ஜெராம் பாடாங், ரீஜண்ட் என்று தோட்டத்தின் பெயரைத் தாங்கியே அவை நிற்கின்றன.

ஆனால் வாசலுக்கு வந்த கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றுபோனது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தன; ஆசிரியருக்கு அரசுச் சம்பளம் கிடைத்தது, பாடத்திட்டம் வந்தது. எனினும் அதற்குப் பிறகான படிப்பு மலாய்மொழியில், பெரும்பாலும் பட்டணத்தில். ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை, மலாய்மொழித் தேர்ச்சி போதவில்லை என்றால் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருந்துவிட்டுத்தான் படிவம் ஒன்றுக்குள் நுழைந்தது. அதாவது 12 வயதில் தூரமும் மொழியும் வயதும் ஒரே நேரத்தில் பிள்ளையின் முன் வந்து நின்றன. படிவம் ஐந்தின் முடிவில் பெறும் எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய்மொழியோடு 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம் என்றானதும் இன்னொரு வாசற்படி கூடியது. ஐந்து படிவங்களையும் படித்து முடித்து, ஒரே ஒரு பாடத்தில் தவறிச் சான்றிதழ் இல்லாமல் வெளியே வரும் இளைஞனைத் தோட்டப்புறத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. அவன் பெரும்பாலும் தொழிற்சாலைப் பேருந்தில் உட்கார்ந்திருப்பான்.

அவனுடைய குடும்பம் நின்றிருந்த நிலமும் இதற்கிடையே நழுவியது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அந்த வேதனைக்கு விடையாகத்தான் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய கைகள் சிறுசிறு தவணையாகக் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி என்ற வெள்ளைக்காரத் தோட்ட நிறுவனம் ஒரே காலைப் பொழுதில் மலேசியர் கைக்கு வந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு முதலாளியின் பெயர் மாறியது, கூரை மாறவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஒரே பரப்பளவுக்கு ரப்பருக்கு வேண்டியதைவிட மிகக் குறைந்த ஆட்களே செம்பனைக்குப் போதும். அந்த வேலைக்கும் குத்தகைக்காரர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். எஞ்சிய நிலத்தில் தாமான்கள் எழுந்தன. 1980க்கும் 2000க்கும் இடையே நாடு முழுவதும் தோட்டங்களை விட்டு வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது வெறும் தொழில்மாற்றம் அல்ல. பள்ளி, கோயில், கடன் கொடுக்கும் கடை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி என்று எல்லாம் ஒன்றாகக் கலைந்துபோகும் நிகழ்வு.

இந்தக் கலைவின் நடுவே நெகிரி செம்பிலான் ஒரு கல்வி மாநிலமாகவும் வளர்ந்தது என்பதை மறக்கக் கூடாது. 1990களின் இறுதியிலிருந்து நீலாயில் இன்டி, நீலாய் பல்கலைக்கழகம், மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று வரிசையாக வளாகங்கள் வந்தன. போர்ட்டிக்சனில் 1990இல் தொடங்கிய பாலிடெக்னிக் இருக்கிறது. சிரம்பானில் ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. உருவாக்கிய டேஃப் கல்லூரி, ஆஸ்திரேலியத் தொழில்நுட்பக் கல்விமுறையை முன்மாதிரியாகக் கொண்டு நம் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்ப டிப்ளோமா என்ற வழியைக் காட்டியது. இப்போது மலேசிய விஷன் வேலி என்ற பெருந்திட்டம் நீலாய், சிரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரங்களை ஒரே வளர்ச்சி மண்டலமாகப் பார்க்கிறது. அதன் நிலத்தில் பெரும்பகுதி முன்னாள், இந்நாள் தோட்ட நிலம். நிலத்துக்கு வந்த கல்வி அந்த நிலத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எந்த அளவு வந்தது என்ற கேள்வி நியாயமானது. தனியார் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தைக் காட்டி அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஏனென்றால், கட்டணம் குறைவான ஓர் அரசு நிறுவனமும் இதே மாநிலத்தில் இருக்கிறது.

அதுதான் சமூகக் கல்லூரி. 2000ஆம் ஆண்டில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்து, 2001இல் முதல் கல்லூரிகள் தொடங்கின. ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதிக்கும் ஒன்று என்பதே இலக்கு. இன்று நாடு முழுவதும் நூற்றுக்கும் மேல் இயங்குகின்றன. படிவம் ஐந்தை முடித்தும் உயர்கல்விக்கு வழியில்லாதவர்கள், வேலையில் இருந்துகொண்டே திறனை வளர்க்க நினைப்பவர்கள், வீட்டிலிருந்தே சிறுதொழில் செய்ய விரும்பும் பெண்கள் என்று மூன்று தரப்பாரையும் மனத்தில் வைத்து உருவான அமைப்பு இது. வாகனப் பராமரிப்பு, மின்நிறுவல், குளிர்சாதனம், கணினிப் பராமரிப்பு, சமையற்கலை, ரொட்டி கேக் தயாரிப்பு, உடை வடிவமைப்பு, விருந்தோம்பல் என்று கையில் தொழில் தரும் சான்றிதழ்ப் படிப்புகள். வழக்கமாக நான்கு பருவங்கள். அதில் ஒரு பகுதி தொழிற்சாலையிலோ ஹோட்டலிலோ பட்டறையிலோ நேரடிப் பயிற்சி. சான்றிதழோடு நின்றுவிடாமல் பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு ஏறும் படியும் உண்டு. இவை தவிர, தகுதி எதுவும் கேட்காமல் யாரையும் சேர்த்துக்கொள்ளும் குறுகியகாலப் பயிற்சிகள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. மாணவர் வாழ்க்கையும் பல்கலைக்கழகத்தைப் போலல்ல. பட்டறை உடையில் காலையில் நுழைந்து, மாலை கையில் எண்ணெய்க் கறையோடும் மாவோடும் வீடு திரும்பும் வாழ்க்கை அது. தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான நிறுவனத்தை ஏட்டில் வடிவமைப்பது கடினம்.

ஏட்டைவிட்டு நிலப்படத்துக்கு வரும்போதுதான் பொருத்தம் குலைகிறது. தொகுதிக்கு ஒன்று என்பது வாக்காளர் கணக்கு. தமிழ்க் குடும்பங்கள் பரவியிருப்பது ரயில்பாதையையும் பழைய ரப்பர் நிலத்தையும் ஒட்டி. லாபு, நீலாய், ரந்தாவ், லிங்கி, லுக்குட் என்று மேற்கே ஒரு பட்டை. பகாவைச் சுற்றி ஒரு கொத்து. கெமிஞ்சே, கெமாஸ், தம்பின் பக்கம் இன்னொரு கொத்து. ஜெலெபு, ஜெம்போல் முதலான இடங்களில் அமைந்த கல்லூரிகள் அந்தந்தத் தொகுதிக்கு நல்லவையே. ஆனால் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் ஜெலெபுவில் நடக்கும் ஒரு படிப்பில் சேர நினைத்தால், முதலில் சிரம்பானுக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து புக்கிட் தங்கா மலைப்பாதை வளைவுகளில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இன்னொரு பேருந்து. தோட்டத்திலிருந்து முதன்மைச் சாலைவரை செம்மண் பாதையில் நடையோ மோட்டார் சைக்கிளோ தனி. கல்லூரிக்கு அருகே வாடகை அறை எடுக்கலாமே என்றால், பருவக் கட்டணத்தைவிட வாடகை பலமடங்கு ஆகிவிடும். கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்த அரசு, கட்டணத்துக்கு வெளியே இருக்கும் செலவைப் பார்க்கவில்லை.

நேரமும் ஒரு தூரம்தான். முழுநேரச் சான்றிதழ் வகுப்பு பகலில் நடக்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி. வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டு படிக்கப் போகும் இளைஞன் விட்டுக்கொடுப்பது, கூடுதல் வேலைநேரச் சம்பளத்தைச் சேர்க்காமலே 40,800 வெள்ளி. அப்பாவுக்குத் தோட்டத்தில் ஓய்வு வந்து, வீட்டைக் காலிசெய்ய வேண்டிய கெடு நெருங்கி, தாமானில் ஒரு மலிவு வீட்டுக்குத் தவணை கட்டத் தொடங்கியிருக்கும் குடும்பத்தில் அந்தப் பணம் உபரி அல்ல; அடுப்பெரியும் பணம். மாலையிலும் வார இறுதியிலும் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் குறும்பயிற்சிகள். கேக் அலங்காரம் கற்றுக்கொள்வதில் குறையில்லை. ஆனால் பத்துக் குறும்பயிற்சி முடித்தவரும் சான்றிதழ்ப் படியில் ஏறுவதில்லை என்றால், அது பொழுதுபோக்கின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. படிக்கட்டின் பகல்நேரப் படிகள் வேலையில்லாதவருக்கும், மாலைநேரப் படிகள் எங்கும் ஏறாதவருக்கும் என்று பிரிந்து கிடக்கிறது இன்றைய ஏற்பாடு. நடுவில் நிற்பவர்தான் நம் தொழிற்சாலைப் பேருந்துப் பயணி.

இதற்குப் புதிய வளாகம் கட்டுங்கள் என்று கேட்பது நம் பொதுவழக்கம். அது வேண்டாம். சமூகக் கல்லூரியின் உலக வரலாறே இரவல் கட்டடங்களின் வரலாறு. அமெரிக்காவின் முதல் பொதுச் சமூகக் கல்லூரி என்று கருதப்படும் ஜோலியட் கல்லூரி, 1901இல் இல்லினாய் மாநிலத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளிக்குள்ளேயே ஆறு மாணவர்களோடு தொடங்கியது. தமிழர்கள் வாழும் மண்ணிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு: இந்தியாவின் முதல் சமூகக் கல்லூரியைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது, அடுத்த ஆண்டே சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. பள்ளியை இடையில் விட்டவர்களையும் ஏழைப் பெண்களையும் குறிவைத்த அந்த இயக்கம், இருக்கும் கட்டடங்களையும் உள்ளூர் அமைப்புகளையும் பயன்படுத்தியே தமிழ்நாடெங்கும் பரவியது. தொழில்திறனோடு பேச்சு, கணக்கு, தன்னம்பிக்கை போன்ற வாழ்க்கைத் திறனையும் பாடமாக்கியது. நம் நாட்டிலும் 2001இல் முன்னோடிக் கல்லூரிகள் தொழில்நுட்ப இடைநிலைப்பள்ளி வளாகங்களில்தான் கால் ஊன்றின. பின்னர் கடைவீட்டு மாடிகளில் வாடகைக்கு இயங்கிய கல்லூரிகளும் உண்டு. பள்ளிக்குள் பிறந்த ஒரு நிறுவனத்தை மீண்டும் பள்ளிக்குள் வரச் சொல்வது அதன் தரத்தைக் குறைப்பதாகாது.

அந்தப் பள்ளி நம்மிடம் இருக்கிறது. 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் கல்வியமைச்சு ‘மாணவர் குறைந்த பள்ளிகள்’ என்று வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் இந்த வகையில் அடங்கும். மதியத்துக்குப் பின் அவற்றின் வகுப்பறைகள் பூட்டிக்கிடக்கின்றன. மின்சாரம், தண்ணீர், கழிப்பறை, கணினி, வாகனம் நிறுத்த இடம் எல்லாம் தயாராக இருக்கின்றன. கோட்பாட்டுப் பாடங்களையும், வரைபடம் படித்தல், பாதுகாப்பு விதிகள், செலவுக் கணக்கு, தொழில்சார் மலாய், ஆங்கிலம் போன்றவற்றையும் வாரத்தில் மூன்று மாலைகள் இங்கே நடத்தலாம். பட்டறைப் பயிற்சிக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறுகளில் கல்லூரி வளாகத்துக்கு வண்டி வைக்கலாம். எண்ணெய் ஆலையும் பணிமனையும் உள்ள தோட்டங்களில் டிராக்டர், மின்மோட்டார், நீரேற்றி என்று பயிற்சிக்கு வேண்டிய இயந்திரங்கள் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆலையின் கொதிகலனை இயக்க அரசுச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அந்த வேலைக்குப் படித்த ஆளின் தேவையும் உண்டு. பதினைந்து ஆண்டு பணிமனையில் கைப்பழக்கமாகவே எல்லாம் கற்ற ஒருவருக்கு, அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் ‘அப்பெல்’ என்ற வழியை மலேசியத் தகுதி நிர்ணய முகமை வைத்திருக்கிறது. 19 வயதைக் கடந்தவர் அதன் மூலம் எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லாமலே சான்றிதழ்ப் படிப்புக்குள் நுழையலாம். சட்டம் இருக்கிறது, முகமை இருக்கிறது. இதை வாசலில் வந்து தமிழில் எடுத்துச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்ப உதவும் ஆள்தான் இல்லை.

முதல் மறுப்பு எதிரே நிற்கிறது: கல்லூரி இருந்தும் நம் பிள்ளைகள்தானே விண்ணப்பிப்பதில்லை, குறை யாரிடம்? இந்தக் கேள்வியில் ஓர் உண்மை உண்டு. சமூகக் கல்லூரி என்றால் என்ன என்று அறியாத பெற்றோர் ஏராளம்; தெரிந்தும் சோம்பலால் விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் இதே பிள்ளைகள் காலை ஐந்தரை மணிக்குப் பேருந்துக்கு நிற்கிறார்கள், பன்னிரண்டு மணிநேர ஷிப்டு பார்க்கிறார்கள். உழைக்கத் தயங்காதவன் படிக்க மட்டும் தயங்குகிறான் என்றால், இரண்டு கதவுகளுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் முதலில் ஆராய வேண்டும். ஒரு கதவு அவன் வாசலில் திறக்கிறது, மாத முடிவில் பணம் தருகிறது. இன்னொன்று இரண்டு பேருந்து தூரத்தில், இரண்டாண்டுச் சம்பளத்தை விலையாகக் கேட்கிறது. ஊக்கமூட்டும் உரைகள் ஆயிரம் நிகழ்த்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. விண்ணப்பிக்காததைக் குற்றமாகச் சொல்வதற்கு முன்பு, எந்தத் தோட்டத்திலிருந்து, எந்தத் தாமானிலிருந்து எத்தனை பேர் சேர்கிறார்கள், எத்தனை பேர் இடையில் நிற்கிறார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். அளக்காத தூரத்தை யாரும் குறைக்கப் போவதில்லை.

இரண்டாவது மறுப்பு நம் வீட்டுக்குள்ளிருந்து வருவது. மரம் வெட்டிய பரம்பரை இனியும் கைவேலைதான் செய்ய வேண்டுமா, நம் பிள்ளைகள் டாக்டராக, வழக்கறிஞராக வேண்டாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்த ஆசையை மதிக்க வேண்டும். நம் சமூகம் எழுப்பிய கெடாவின் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமே அந்த ஆசையின் கட்டட வடிவம். பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளையைத் தடுத்துப் பட்டறைக்கு அனுப்பச் சொல்லவில்லை இந்த வாதம். பல்கலைக்கழகமும் கிடைக்காமல், பட்டறையும் கிடைக்காமல், எந்தப் பட்டியலிலும் இல்லாத பிள்ளையைப் பற்றியே பேசுகிறோம். கைத்தொழில் தாழ்ந்தது என்ற எண்ணம் தோட்ட வாழ்க்கையிலிருந்தே நமக்கு வந்தது; அங்கே கையால் உழைத்தவனுக்குச் சம்பளம் குறைவு, நாற்காலியில் உட்கார்ந்த கிராணிக்கு மரியாதை அதிகம். இன்று சான்றிதழ் பெற்ற மின்பணியாளரின் நிலை அதுவல்ல. அதே சமயம், சான்றிதழ் ஒன்றே வாழ்வை மாற்றிவிடும் என்று சொல்வதும் பொய்யாகும். வெறும் சான்றிதழோடு நிற்பவரின் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். அதனால்தான் சான்றிதழ், பாலிடெக்னிக் டிப்ளோமா, தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பட்டம் என்ற ஏணி முக்கியம். ஏணியின் முதல் படி எட்டும் உயரத்தில் இருந்தால்தான் மேற்படிகளைப் பற்றிப் பேச முடியும்.

மூன்றாவது அச்சம் தமிழ்ப்பள்ளியைப் பற்றியது. மாணவர் குறைந்த பள்ளியில் வேறொரு நிறுவனம் நுழைந்தால், நாளை பள்ளியை மூடிவிட்டு அந்த நிறுவனத்தையே வைத்துக்கொள்வார்களோ என்று பள்ளி வாரியங்கள் கவலைப்படுவது இயல்பு. பகுதி உதவி பெறும் பள்ளிகளில் நிலம் தோட்ட நிறுவனத்துடையது, ஆசிரியர் அரசுடையவர் என்ற இரட்டை நிலை இருப்பதால் கவலைக்குக் காரணமும் உண்டு. ஆகவே ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்: பள்ளி நேரத்தில் ஓர் அறையும் கொடுப்பதில்லை, ஒப்பந்தம் வாரியத்தோடு, மின்கட்டணமும் பராமரிப்பும் கல்லூரியின் பொறுப்பு, பள்ளியின் பெயரோ தகுதியோ மாறாது. இந்தப் பாதுகாப்புகளோடு பார்த்தால், மாலையில் விளக்கெரியும் பள்ளியை மூடுவது, மதியமே பூட்டும் பள்ளியை மூடுவதைவிடக் கடினம். அப்பாவும் அம்மாவும் மாலையில் படிக்கும் கட்டடத்தில் பிள்ளையைக் காலையில் சேர்க்க யாரும் யோசிக்க மாட்டார்கள். தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பழைய தோட்டப் பள்ளியை மறந்துபோவதே மாணவர் எண்ணிக்கை குறைவதற்கு ஒரு காரணம். அவர்களை மீண்டும் அந்த வாசலுக்கு அழைக்க இது ஒரு வழி.

அரசுக் கல்லூரி ஓர் இனத்துக்காக ஏன் வளைய வேண்டும் என்பது நான்காவது கேள்வி. வளைய வேண்டியதில்லை. மாலை வகுப்பு தமிழ்ப்பள்ளிக் கட்டடத்தில் நடந்தாலும் பாடம் நாட்டின் பாடத்திட்டம்தான், கதவு அனைவருக்கும் திறந்ததுதான். ஜெம்போலின் ஃபெல்டா குடியேற்றங்களான பாலோங், செர்த்திங் பகுதி மலாய் இளைஞருக்கும், உள்காட்டு ஒராங் அஸ்லி இளைஞருக்கும் இதே தூரம், இதே பேருந்துப் பிரச்சினை. அவர்களுடைய பள்ளிகளிலும் சமூகக் கூடங்களிலும் இதே முறையில் மாலை வகுப்புகள் நடக்கட்டும். அப்படி நடந்தால் தொகுதிக்கு ஒரு கல்லூரி என்ற பழைய இலக்குக்குப் பதில், குடியிருப்புக்கு ஒரு வகுப்பு என்ற நல்ல இலக்கு கிடைக்கும். இனத்தின் பெயரால் கேட்கப்படாத, தூரத்தின் பெயரால் கேட்கப்படும் கோரிக்கை இது. தோட்டத்துத் தமிழர் அந்தத் தூரத்தை நெடுங்காலம் அனுபவித்ததால், முதலில் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

எஞ்சியது பணமும் ஆளும். விரிவுரையாளர் பற்றாக்குறை உண்மையானது. அவரே மாலையிலும் வர வேண்டும் என்றால் பயணப்படியும் கூடுதல் நேரப் படியும் கொடுக்க வேண்டும். ஆனால் புதிய வளாகம் ஒன்றைக் கட்டி, நிரந்தரமாகப் பராமரிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. இந்தியச் சமூக மேம்பாட்டுக்கென மித்ரா வழி வரும் நிதி, சிதறிய குறும்பயிற்சிகளுக்குப் போவதைவிட, இந்த மாலை மாணவரின் பேருந்துக்கும் கருவிப்பெட்டிக்கும் போனால் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு சான்றிதழ் கணக்கு காட்டலாம். தோட்ட நிலத்தை வீடமைப்புக்கு மாற்றி லாபம் காணும் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு: தொழிலாளர்களை வேலைக்கு ஏற்றிச் செல்ல வண்டி வைக்கத் தெரிந்தவர்கள், மாதம் இரண்டு வார இறுதிகளில் பட்டறைக்கும் வண்டி வைக்கலாம். விஷன் வேலித் திட்டத்தின் நில அனுமதிகளில் மாநில அரசு இதை ஒரு நிபந்தனையாகவே சேர்க்கலாம்.

பெரிய அளவில் தொடங்க வேண்டும் என்பதில்லை. ரந்தாவ்-லிங்கி பக்கம் ஒன்று, லாபு-நீலாய் பக்கம் ஒன்று, பகாவ் வட்டாரத்தில் ஒன்று, கெமிஞ்சே பக்கம் ஒன்று என்று நான்கு பள்ளிகளில், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு படிப்போடு நான்கு பருவம் நடத்திப் பார்க்கலாம். சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, டிப்ளோமாவுக்கு ஏறியவர் எத்தனை, சம்பளம் உயர்ந்தவர் எத்தனை என்று கணக்கெடுத்து, பயனில்லை என்றால் நிறுத்திவிடலாம். வகுப்பு தொடங்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்று அதிகாரிகள் கேட்பார்கள். இருபது, முப்பது என்று ஓர் எண்ணைச் சொல்லி, அது சேரவில்லை என்று கோப்பை மூடிவிடும் வழக்கமும் உண்டு. அந்த எண்ணுக்கு இந்த மண்ணில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. ஆள்பலம் மட்டுமே குறியாக இருந்த காலனி ஆட்சிகூட, ஒரு தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வந்தாக வேண்டும் என்று 1923இல் சட்டம் போட்டது. நூறாண்டு கழித்து நம் சொந்த அரசிடம் அதைவிடக் குறைவாகக் கேட்க வேண்டியதில்லை. பத்துப் பேர் பெயர் கொடுத்தால் அந்தப் பள்ளியில் மாலை வகுப்பு தொடங்க வேண்டும்.